“கால் வலி” என்று சொல்லாதீர்கள்: ராத்திரியில் கால் குடைகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராத்திரி பத்தரை மணிக்குப் படுப்பேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, இரண்டு கெண்டைக்காலுக்குள்ளும் எலும்புக்கும் சதைக்கும் நடுவில் எங்கோ ஒரு குறுகுறுப்பு கிளம்பும். சொறிந்தால் போகாது, அது தோலில் இல்லை. அமுக்கினால் அடங்கும், கையை எடுத்ததும் வந்துவிடும். காலை உதறினால் அரை நிமிஷம் நிம்மதி, அப்புறம் பழையபடி. கடைசியில் எழுந்து ஹாலில் நடப்பேன். நடக்கும்போது ஒன்றுமே இருக்காது. அதுதான் கடுப்பு.

இதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக ஆர்.எல்.எஸ். என்று எழுதுவார்கள். நம் வீடுகளில் கால் குடைச்சல் என்போம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு 7 மாதமும் 12,000 ரூபாய்க்கு மேலும் ஆனது. இடுப்பு எம்.ஆர்.ஐ., கால் ரத்தக்குழாய் டாப்ளர் ஸ்கேன் எல்லாம் எடுத்தேன். விடை இருந்தது 700 ரூபாய் ரத்தப் பரிசோதனை ஒன்றில். நான் மருத்துவன் இல்லை, கணக்கு எழுதிப் பிழைப்பவன். எந்த வரிசையில் போயிருந்தால் இந்தச் செலவு மிச்சமாகியிருக்குமோ, அந்த வரிசையில் சொல்கிறேன்.

1. முதலில் இது அதுதானா என்று பாருங்கள்

இந்த நோயை ஸ்கேனில் பார்க்க முடியாது. நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்துத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். அவர் கேட்க வேண்டியதை நீங்களே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். காலை அசைத்தே ஆக வேண்டும் என்று உந்துகிறதா? உட்காரும்போதோ படுக்கும்போதோதான் வருகிறதா, அல்லது கூடுகிறதா? எழுந்து நடக்கிற வரைக்குமாவது குறைகிறதா? சாயங்காலத்துக்கு மேல், ராத்திரியில் மோசமாகிறதா? நான்குக்கும் ஆமாம் என்றால் சந்தேகம் வலுக்கிறது. ஐந்தாவதாக, இதற்கு வேறு காரணம் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும்.

குழப்பம் வருவது அங்கேதான். நடுராத்திரியில் குரக்களி இழுத்து, கெண்டைச் சதை கல் மாதிரி கெட்டியாகி, அலறி எழுவது வேறு. அதில் சதையைத் தொட்டாலே இறுக்கம் தெரியும், ஆர்.எல்.எஸ்.ஸில் தெரியாது. சர்க்கரைக்காரர்களுக்கு வரும் பாத எரிச்சலும் மதமதப்பும் நடந்தால் பெரும்பாலும் தீராது. சர்க்கரையும் இதுவும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கவும் செய்யலாம். வெரிகோஸ் (காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டிருப்பது) உள்ளவர்களுக்குப் பகல் முழுக்க நின்றால் கால் கனக்கும், காலை நீட்டிப் படுத்தால் சுகம். நமக்கோ படுத்தால்தான் வினையே. உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டிருப்பது வெறும் பழக்கம், நோய் இல்லை.

ஒரே ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அது ரத்தக்கட்டாக இருக்கலாம்.

வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்றும் விசாரியுங்கள், இது குடும்பத்தில் ஓடும். என் அம்மா ராத்திரி சாப்பாடு முடிந்ததும் குப்புறப் படுத்துக்கொண்டு, “வாடா, காலை மிதிச்சு விடு” என்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் கெண்டைக்கால் மேல் ஏறி நடப்பேன். நான் தூங்கிப்போனால் பழைய வேட்டியைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொள்வார். வேலை செய்த அலுப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மருத்துவர் குடும்ப விவரம் கேட்டபோதுதான் எனக்கு அது உறைத்தது.

2. பத்து நாள் எழுதி வையுங்கள்

இதுதான் உங்கள் முக்கியமான ஆவணம். பழைய டைரி ஒன்று போதும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எத்தனை தடவை எழுந்தீர்கள், எப்போது தூங்கினீர்கள், அன்றைக்குக் குடித்த டீ காபி, போட்ட மாத்திரை. என் டைரியில் ஒரு நாள் இப்படி இருக்கிறது:

“செவ்வாய். 9.40, டிவி முன்னால் ஆரம்பம். 10.30 படுத்தது. 4 தடவை எழுந்தேன். தூக்கம் 2.15. சாயங்காலம் சளி மாத்திரை ஒன்று.”

பக்கத்தில் படுப்பவரிடமும் கேளுங்கள். “தூங்கினப்புறமும் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை காலை வெடுக்குனு இழுக்கிறீங்க” என்றார் என் மனைவி. ஆர்.எல்.எஸ். உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இதுவும் சேர்ந்தே இருக்கும். தூங்குகிறவருக்குத் தெரியாது, எழுப்பப்படுகிறவருக்குத்தான் தெரியும்.

3. மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

டைரியை எழுதி முடித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மிக மோசமான மூன்று ராத்திரிகளும் சளி மாத்திரை போட்ட நாட்கள். தூக்கம் வரவழைக்கிற பழைய வகை அலர்ஜி மருந்துகள் கால் குடைச்சலைத் தூண்டிவிடும்: குளோர்பெனிரமைன், பெனிரமைன், டைஃபென்ஹைட்ரமின், ஹைட்ராக்சிசின். சளி மாத்திரைகளிலும் இருமல் மருந்துகளிலும் இவை கலந்திருக்கும். அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால்தான் தெரியும். தூக்கம் வரவில்லையே என்று இதையே போடுகிறவர்களும் உண்டு. கண்ணும் சொருகும், காலும் குடையும். அதைவிட நரகம் கிடையாது.

வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், மனச்சோர்வுக்கான பல மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். இங்கே ஒரு எச்சரிக்கை. மனநல மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது கால் குடைச்சலைவிடப் பெரிய ஆபத்து. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம், “இதைப் போட ஆரம்பித்த பிறகு கால் குடைகிறது, மாற்று உண்டா?” என்று கேளுங்கள். மாற்று பல சமயம் இருக்கும்.

4. யாரிடம் போவது, என்ன சொல்வது

நான் போன முதல் இடத்தில், “ரெண்டு காலும் வலிக்குது சார்” என்றேன். அந்த ஒரு சொல்லில்தான் ஏழு மாதம் போனது. வலி என்றதும் வலி மாத்திரை, கால்சியம், பி காம்ப்ளெக்ஸ் வந்தன. அடுத்த இடத்தில் இடுப்பில் நரம்பு அழுந்துகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், 6,500 ரூபாய். மூன்றாம் இடத்தில் டாப்ளர், 2,200. மிச்சம் ஆலோசனைக் கட்டணமும் மாத்திரையும். அவர்கள் பேரில் தப்பு என்று முழுசாகச் சொல்ல மாட்டேன். நான் சொன்ன புகாருக்குத்தான் அவர்கள் பரிசோதனை எழுதினார்கள்.

எனவே வலி என்ற சொல்லை விடுங்கள். இப்படிச் சொல்லுங்கள்: “ராத்திரி படுத்தா ரெண்டு காலும் உள்ளுக்குள்ள குடையுது. அசைக்காம இருக்க முடியல. எழுந்து நடந்தா சரியாயிடுது, படுத்தா திரும்ப வருது. பகல்ல இல்ல. ஆர்.எல்.எஸ்.ஸா இருக்குமான்னு பார்க்கணும் சார்.” பெயரைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். சிலர் “நெட்ல பார்த்தீங்களா?” என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், டைரியை நீட்டுங்கள்.

முதலில் பொது மருத்துவம் படித்த எம்.டி. ஒருவரே போதும். எலும்பு மருத்துவரிடம் ஓட வேண்டாம். முதல் சுற்றில் தீராவிட்டால் நரம்பியல் மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் பிரிவிலும் காட்டலாம். கட்டணம் கிடையாது, ஆனால் அரை நாள் போய்விடும். துறைக்குத் துறை புறநோயாளிகளைப் பார்க்கும் கிழமை மாறும், முந்தின நாளே கேட்டுக்கொண்டு காலையில் சீக்கிரம் போங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: டைரி, இப்போது போடும் எல்லா மாத்திரை அட்டைகளும் (பெயர் எழுதிய தாள் அல்ல, அட்டையே), கடைசி ஒரு வருட ரத்த ரிப்போர்ட்டுகள், சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு ஏதாவது இருந்தால் அந்தக் கோப்பு.

தூக்கப் பரிசோதனைக்கு, அதாவது ஒரு ராத்திரி முழுக்க ஒயர் ஒட்டிப் படுக்க வைப்பதற்கு, யாராவது எழுதினால் ஏன் என்று கேளுங்கள். ஆர்.எல்.எஸ்.ஸை உறுதி செய்ய அது தேவையில்லை. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது போன்ற சந்தேகம் இருந்தால் அது வேறு கதை, அப்போது எடுத்துத்தான் ஆக வேண்டும். காப்பீட்டை நம்பியும் போகாதீர்கள். பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், புறநோயாளிச் செலவு நம் கைக்காசுதான். ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

5. ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின் போதாது

கட்டுரையிலேயே முக்கியமான இடம் இது.

நான் பல வருஷமாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்ததானம் செய்தவன். ஒவ்வொரு முகாமிலும் விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்து, “13.6, சூப்பரா இருக்கு” என்பார்கள். எனக்கு இரும்புச்சத்துக் குறை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஹீமோகுளோபின் என்பது பர்ஸில் இருக்கிற பணம் மாதிரி. ஃபெரிட்டின் வங்கியில் இருக்கிற சேமிப்பு. சேமிப்பு வழித்துத் துடைத்த பிறகும் பர்ஸ் கொஞ்ச நாள் நிறைந்தே இருக்கும். 450 மில்லி ரத்தம் கொடுத்தால் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு வெளியே போகிறது. அது சாப்பாட்டில் திரும்பச் சேர மாதக்கணக்கில் ஆகும். ஆர்.எல்.எஸ்.ஸில் மூளைக்குக் கிடைக்கும் இரும்பு குறைவது ஒரு முக்கியக் காரணம், அதனால்தான் சேமிப்பைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

கேட்க வேண்டியவை: சீரம் ஃபெரிட்டின், சீரம் அயர்ன், டி.ஐ.பி.சி. (ரத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவு), சி.பி.சி. (ரத்த அணுக்களின் கணக்கு). கூடவே சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினும் சர்க்கரையும். எனக்கு ஆன செலவு: ஃபெரிட்டின் 700, அயர்னும் டி.ஐ.பி.சி.யும் 550, மற்றவை 500 சொச்சம். ஊருக்கு ஊர் மாறும், ஆய்வகத்துக்கு ஆய்வகமும் மாறும். ரிப்போர்ட் அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிட்டது.

ரத்தம் கொடுக்கும் நேரமும் முக்கியம். காலையில் வெறும் வயிற்றில் கொடுங்கள். முந்தின 24 மணி நேரம் இரும்பு மாத்திரையோ, இரும்பு கலந்த சத்து டானிக்கோ வேண்டாம். காய்ச்சல், தொற்று இருக்கும்போது எடுக்காதீர்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும்.

இப்போது பெரிய பொறி. என் ஃபெரிட்டின் 24. ரிப்போர்ட்டின் ஓரத்தில் போட்டிருந்த இயல்பு அளவு 22 முதல் 322 வரை. தடித்த எழுத்து இல்லை, சிவப்புக் குறி இல்லை. ஆய்வகக்காரர், “எல்லாம் நார்மல் சார்” என்று கவரில் போட்டுக் கொடுத்தார். ஆனால் ஆர்.எல்.எஸ்.ஸுக்கு அந்த அளவுகோல் செல்லாது. ஃபெரிட்டின் ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, டிரான்ஸ்ஃபெரின் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம்) செறிவு 20 சதவீதத்துக்குக் குறைந்தாலோ இரும்பு கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல். செறிவை ரிப்போர்ட்டில் போடாவிட்டால் நீங்களே கணக்கிடலாம்: சீரம் அயர்னை டி.ஐ.பி.சி.யால் வகுத்து நூறால் பெருக்குங்கள். மருத்துவர் “நார்மல்தானே” என்றால், “ஆர்.எல்.எஸ்.ஸுக்கு 75க்கு மேல வேணும்னு படிச்சேன் சார்” என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். நான் அதைச் சொன்னதும்தான் மருத்துவர் எனக்கு மாத்திரை எழுதினார்.

ஆண்களுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ ஃபெரிட்டின் குறைந்திருந்தால் இரும்பு எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். மூலம், குடல் புண், இன்னும் மோசமானவை எதுவும் இருக்கலாம். எனக்கு ரத்ததானம் என்று காரணம் கண்ணெதிரே இருந்தது. அப்படியும் மலப் பரிசோதனை ஒன்று செய்யச் சொன்னார்கள், செய்தேன்.

6. இரும்பு மாத்திரையை முறையாகப் போடுவது

மருத்துவர் எழுதித்தான் போட வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களும், உடம்பில் இரும்பு ஏற்கெனவே அதிகம் சேர்ந்தவர்களும் தானாகப் போட்டால் கல்லீரலுக்கும் இதயத்துக்கும் கேடு.

எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், ராத்திரி ஒரு மாத்திரை. தினம் போடுவதைவிட இப்படிப் போட்டால் உடம்பு நன்றாக உறிஞ்சுகிறது, வயிற்றுத் தொல்லையும் குறைவு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாறு அரை டம்ளரோடு போடுவேன், நெல்லிக்காய்ச் சாறும் சரி. பால், டீ, காபி, கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்க்கவே கூடாது. கேஸுக்கு என்று தினமும் பான்டோபிரசோல் வகை மாத்திரை போடுகிறவர்கள் அதைச் சொல்லுங்கள், அது இரும்பு உறிஞ்சுவதைக் குறைக்கும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்கு மட்டும் பயப்படுங்கள். கொய்யாவும் கீரையும் தண்ணீரும் என்னைக் காப்பாற்றின.

ஒரு வாரத்தில் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு ஆறாவது வாரத்தில்தான் முதல் தடவையாக எழுந்து நடக்காத ராத்திரி வந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி ஃபெரிட்டின் பாருங்கள். என்னுடையது 61 ஆகியிருந்தது. நிறுத்தாமல் தொடரச் சொன்னார்கள்.

மாத்திரை ஒத்துவராதவர்களுக்கும், ஃபெரிட்டின் 75க்கும் 100க்கும் நடுவில் இருப்பவர்களுக்கும் ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் இரும்பு உண்டு, ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்று. செலவு சில ஆயிரங்கள். மருத்துவமனையில்தான் போட வேண்டும், போட்ட பிறகு அரை மணி நேரமாவது உட்கார வைப்பார்கள். ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கத்தான் அது. அவசரப்பட்டு எழுந்து வராதீர்கள்.

7. அதுவரை ராத்திரியை எப்படிக் கழிப்பது

எனக்கு உதவியவை: படுக்கும் முன் வெந்நீரில் கால் மணி நேரம் கால், கெண்டைக்காலை நன்றாகப் பிசைந்து விடுவது, சாயங்காலம் முக்கால் மணி நேர நடை. ஆனால் ராத்திரி எட்டுக்கு மேல் கடும் உடற்பயிற்சி செய்தால் கூடியது. மதியத்துக்குப் பிறகு காபியை நிறுத்தினேன். இது எல்லோருக்கும் பலன் தராது, எனக்குத் தந்தது. மது மோசமாக்கலாம்.

இன்னொன்று, மூளைக்கு வேலை கொடுத்தால் கால் அடங்கும். டிவி பார்ப்பது வேலை இல்லை. சுடோகு, குறுக்கெழுத்து, பிள்ளையின் கணக்கு வீட்டுப்பாடம், இதெல்லாம் வேலை. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் ராத்திரிகளில் எனக்குக் கால் குடைந்ததே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

8. நரம்பு மாத்திரைகள்: எதற்கு எச்சரிக்கை

இரும்பு ஏறியும் வாரத்தில் பல ராத்திரி தூக்கம் கெட்டால் மருத்துவர் காபாபென்டின் அல்லது பிரிகாபலின் எழுதலாம். இப்போதைய வழிகாட்டுதலில் மருந்து என்று வரும்போது இவைதான் முன்னால் நிற்கின்றன. தொந்தரவு தொடங்கும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும். தலை கிறுகிறுக்கும், எடை கூடலாம். முதல் வாரம் காலையில் வண்டி ஓட்டுவதில் கவனம். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழும் ஆபத்து உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், கிரியேட்டினின் பார்க்கச் சொன்னதற்கு அது ஒரு காரணம்.

பிராமிபெக்ஸோல், ரோபினிரோல், லெவோடோபா என்று இன்னொரு வகை. முதல் ராத்திரியே மந்திரம் போட்ட மாதிரி கேட்கும். பொறி அதில்தான். மாதங்களோ வருடங்களோ போன பிறகு, ராத்திரி பத்துக்கு வந்த குடைச்சல் சாயங்காலம் ஐந்துக்கே வரும், கைக்கும் ஏறும். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். சிலருக்குச் சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது போன்ற அடக்க முடியாத ஆசைகள் கிளம்பும். வீட்டில் இருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்த மருந்தை ஏற்கெனவே போடுகிறீர்கள் என்றால் சட்டென்று நிறுத்தாதீர்கள், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். புதிதாக எழுதினால், “முதலில் வேறு பார்க்கலாமா?” என்று கேட்பதில் தவறில்லை.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதத்தில் இது அதிகம் வரும், பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் போய்விடும். அவர்கள் மகப்பேறு மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்பு தவிர எதையும் அவரைக் கேட்காமல் தொட வேண்டாம். டயாலிசிஸ் செய்கிறவர்கள் அந்த யூனிட் மருத்துவரிடமே சொல்லுங்கள். நாற்காலியில் நான்கு மணி நேரம் காலை அசைக்காமல் கிடப்பது எவ்வளவு கொடுமை என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

9. பயணமும் மற்றவையும்

ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் சீட் வேண்டாம், நடைபாதை ஓரம் வாங்குங்கள். ரயிலே மேல், நடக்க இடம் இருக்கிறது. கீழ் பெர்த் கிடைத்தால் யாரையும் எழுப்பாமல் இறங்கலாம். சினிமாவுக்கு இரவுக் காட்சியை விட்டுக் காலைக் காட்சிக்குப் போகிறேன். அறுவை சிகிச்சை ஏதாவது வந்தால் மயக்க மருத்துவரிடம் ஆர்.எல்.எஸ். என்று முன்பே சொல்லிவிடுங்கள். வாந்திக்கு அவர்கள் போடும் ஊசி எது என்பது அப்போது முக்கியம்.

ரத்ததானத்தை நான் முழுக்க விடவில்லை. மருத்துவரைக் கேட்டு வருஷத்துக்கு ஒரு தடவை என்று ஆக்கிக்கொண்டேன், அதுவும் ஃபெரிட்டின் பார்த்த பிறகு. போன தடவை 82 இருந்தது, கொடுத்தேன். முகாமில் விரலில் குத்திய பெண், “13.8, சூப்பரா இருக்கு சார்” என்றார். சரி என்று சிரித்துக்கொண்டேன்.